சோலைமந்தியும் ஒரு வாழைப்பழமும்

“குரங்கைப் பாக்கவா டீச்சர் அவ்ளோ தூரம் போறோம்? நம்ம குளத்தங்கரையிலயே உக்காந்திருக்கே!”

வால்பாறைக்குக் களப்பயணம் போகிறோம் என்று நான் அறிவித்ததும் எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து எழுந்த கேள்வி இது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். அந்த மாணவன் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. நானூறு கிலோமீட்டருக்கு மேல் வேனில் போய் ஒரு குரங்கைப் பார்ப்பதால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? அதற்கு என்னிடமே அப்போது தெளிவான பதில் இல்லை.

எங்கள் பள்ளி சிதம்பரத்திலிருந்து சற்றுத் தொலைவில், கொள்ளிடத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் தெரியும். பிச்சாவரத்து அலையாத்திக் காடு தெரியும். வயலும் வாய்க்காலும் தெரியும். மலை மட்டும் தெரியாது. பாடப்புத்தகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை என்று படிப்பார்கள்; வரைபடத்தில் பழுப்பு வண்ணம் தீட்டுவார்கள்; அதோடு சரி. தேசியப் பசுமைப் படை மாணவர்கள் இருபத்து நான்கு பேரோடு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் பிப்ரவரி மாதத்தில் கிளம்பினோம். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரு தவறும், அது எங்கள் வகுப்பறைக்குத் தந்த பாடமும்தான் இந்தக் கட்டுரை.

பயணத்துக்கு முன்

வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டு வருவது களப்பயணம் ஆகாது. எனவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வகுப்பைத் தொடங்கினோம்.

முதலில் தமிழகத்துக் குரங்குகளை ஒரு விளக்கப்படமாகத் தயாரித்தோம். ஊரிலும் சாலையோரத்திலும் நாம் பார்ப்பது நாட்டுக்குரங்கு. உடல் சாம்பல் நிறத்தில், முகம் கறுத்து, வால் நீண்டு இருப்பது சாம்பல் மந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் மட்டும் வாழ்வது கருமந்தி. அதே மலைத்தொடரின் மழைக்காடுகளில் மட்டும் வாழ்வது சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்ற பெயரில் நம்மில் பலர் அறிந்திருப்பது இதைத்தான்.

“முகத்தைச் சுத்தி பிடரி மாதிரி இருக்கறதால சிங்கம்னு பேரா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டார். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் பெயர் வந்தது வாலிலிருந்து. கரிய உடல், கரிய முகம், அதைச் சுற்றி வெள்ளி நிறத்தில் அடர்ந்த முடி. வாலின் நுனியில் சிங்கத்தின் வாலில் இருப்பது போலவே ஒரு குஞ்சம். அந்தக் குஞ்சம்தான் பெயருக்குக் காரணம்.

எங்கள் தமிழாசிரியர் தம் வகுப்பில் இன்னொரு கதவைத் திறந்தார். தொல்காப்பியத்தின் மரபியல், உயிரினங்களின் ஆண், பெண், இளமைப் பெயர்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. குரங்கு, முசு, ஊகம் என மூன்று வகையைச் சுட்டி, அவற்றில் பெண்ணுக்கு மந்தி என்று பெயர் தருகிறது. ஆண் குரங்கைக் கடுவன் என்கிறோம். குட்டிக்குப் பறழ், பார்ப்பு, மகவு, பிள்ளை என்று எத்தனையோ பெயர்கள். இத்தனை சொற்கள் ஒரு மொழியில் இருக்கின்றன என்றால், அதைப் பேசியவர்கள் அந்த விலங்கை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். உற்றுப் பார்ப்பதற்குத்தான் போகிறோம் என்பது பிள்ளைகள் மனத்தில் பதிந்தது.

கடைசியாக, பயண விதிகளை எழுதி ஆளுக்கு ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினோம். சத்தம் போடக் கூடாது. நெகிழிப் பை கூடாது. எந்த விலங்குக்கும் உணவு கொடுக்கக் கூடாது. பார்த்ததை நேரம் குறித்து அப்படியே எழுத வேண்டும். நான்கு விதிகளையும் சொன்னவள் நான்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

நாற்பது வளைவுகள்

இரவு முழுதும் பயணம் செய்து பொள்ளாச்சியை அடைந்து, காலையில் குளித்து முடித்து, ஆழியாறு வழியாக மலை ஏறினோம். ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார்கள். கீழே அணை சிறிதாகிக்கொண்டே போனதைப் பார்த்து, முதல் முறை மலை ஏறும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

ஓரிடத்தில் வேனை நிறுத்தினோம். சாலையோரத் தடுப்புச் சுவரில் நாட்டுக்குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காலை உணவுக்கு வாங்கிய வாழைப்பழத்தில் ஒன்று என் கையில் மிச்சம் இருந்தது. குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு எதிர்ப்புறம் ஒரு மந்தி என்னையே பார்த்தது. யோசிக்கவே இல்லை. கோயிலுக்குப் போனால் குரங்குக்குப் பழம் போடுவது சிறு வயதிலிருந்து எனக்குப் பழக்கம். கை தானாக வீசிவிட்டது.

பழம் சாலையின் இந்தப் பக்கமே விழுந்தது. அந்த மந்தி சாலைக்குக் குறுக்கே பாய்ந்தது. அதே நேரம் மேலிருந்து ஒரு பேருந்து வளைவில் திரும்பியது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மந்தி தப்பித்தது. குட்டி வயிற்றைவிட்டு நழுவவில்லை. ஓட்டுநர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். “சரி சரி, ஏறுங்க எல்லாரும்” என்று பிள்ளைகளை வேனில் ஏற்றினேன். அடுத்த இரண்டு வளைவுகளுக்குள் அதை மறந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

புதுத்தோட்டத்தில் ஒரு காலை

வால்பாறை சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பீடபூமி. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே மழைக்காடு வெட்டப்பட்டு, தேயிலையும் காப்பியும் பயிரிடப்பட்டன. இன்று பச்சைக் கம்பளம் போலத் தெரியும் தேயிலைக்கு நடுவே பழைய காட்டின் துண்டுகள் தீவுகளாக மிஞ்சியிருக்கின்றன. நகரத்தை ஒட்டிய புதுத்தோட்டம் அப்படி ஒரு துண்டு. நூறு ஹெக்டேருக்கும் குறைவான பரப்பு. அதன் ஊடாகவே சாலை போகிறது.

சோலைமந்தி மர உச்சியில் வாழும் விலங்கு. தொடர்ந்த காட்டில் அது தரைக்கு வருவது அரிது. கிளைக்குக் கிளை தாவியே உண்டு, உறங்கி, குட்டி வளர்த்துவிடும். வெடிப்பலா மரத்தின் பூவும் விதையும் அதற்கு முக்கிய உணவு. பண்ருட்டிப் பலாவுக்குப் பெயர்போன மாவட்டத்துப் பிள்ளைகள் ஆயிற்றே, “அது நம்ம பலாவா டீச்சர்?” என்று உடனே கேட்டார்கள். பெயர்தான் பலா. முள் நிறைந்த அதன் காய் முற்றி வெடிக்கும். உறவில் அது டுரியான் பழத்துக்கு நெருக்கமானது. காட்டைத் துண்டாக்கிச் சாலை போட்டுவிட்டால், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போக இந்த விலங்குக்குத் தரை ஒன்றுதான் வழி. தரையில் வண்டிகள் ஓடுகின்றன.

இதற்காகச் சாலையின் குறுக்கே, மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்கள் இங்கே உண்டு. ரப்பர் பூசிய கித்தான் பட்டைகளால் ஆனவை. வால்பாறையில் நீண்ட காலமாக ஆய்வு செய்துவரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் இத்தகைய முயற்சிகளில் ஈடுபட்டுள்ளன. சாலையோரம் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் காவலர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் போன நேரம் ஒரு கூட்டம் சாலையோர மரங்களில் இருந்தது. பிள்ளைகள் மூச்சுவிடவும் மறந்து நின்றார்கள். ஒரு குட்டி இன்னொன்றின் வாலைப் பிடித்து இழுத்தது. ஒரு தாய் மரப்பட்டையைப் பிளந்து பூச்சி தேடியது. பெரிய கடுவன் ஒன்று கிளையில் சாய்ந்து உட்கார்ந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வால் நுனிக் குஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தொங்குபாலத்தில் ஏறி எங்கள் தலைக்கு மேலே சாலையைக் கடந்தன. குட்டி மட்டும் பாதிப் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தது.

அங்கே நின்ற காவலர் பிள்ளைகளிடம் அன்பாகப் பேசினார். “கண்ணு, கிட்ட போகாதீங்க. பையில இருக்கறதை வெளிய எடுக்காதீங்க” என்றார். பிறகு என்னிடம், “கோவத்துல யாரும் இது மேல வண்டிய ஏத்தறதில்லீங்க டீச்சர். பாவம்னு பழம் போடறவங்களாலதான் இது ரோட்டுக்கு எறங்குது. ஒரு தடவை ருசி கண்டுட்டா, வண்டிச் சத்தம் கேட்டாலே வந்து நிக்கும்” என்றார்.

அவருக்கு என் பழக்கதை தெரியாது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஒரு மாணவியின் குறிப்பேடு

அன்றிரவு பொள்ளாச்சியில் தங்கியபோது குறிப்பேடுகளை வாங்கித் திருத்த உட்கார்ந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் பக்கத்தில் இப்படி இருந்தது: “காலை 10.40. கொண்டை ஊசி வளைவு. நாட்டுக்குரங்கு 9. டீச்சர் வாழைப்பழம் போட்டார்கள். குட்டியுடன் ஒரு மந்தி ரோட்டைத் தாண்டியது. பஸ் பிரேக் போட்டது. மந்திக்கு ஒன்றும் ஆகவில்லை.”

குறையும் சொல்லவில்லை, கூட்டியும் எழுதவில்லை. நான்காவது விதியைச் சரியாகப் பின்பற்றியிருந்தாள். மூன்றாவது விதியை நான் மீறியிருந்தேன்.

அவளைக் கூப்பிட்டேன். நான் எதைப் படித்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. “அழிச்சுடட்டுமா டீச்சர்?” என்றாள் பயத்தோடு.

“அழிக்கக் கூடாதும்மா. பார்த்ததைத்தானே எழுதியிருக்க. நாளைக்கு எல்லாருக்கும் படிச்சுக் காட்டலாமா?”

மறுநாள் வேனில் அதை நானே படித்தேன். நான் செய்தது தவறு என்று சொன்னேன். முதலில் அமைதியாக இருந்த பிள்ளைகள் பிறகு பேசத் தொடங்கினார்கள். எங்கள் பயணத்தில் மிக நல்ல பாடவேளை அதுதான். ஏன் தவறு என்பதற்கான காரணங்களை அவர்களே அடுக்கினார்கள். சிலவற்றை நான் சேர்த்தேன்.

உணவு கிடைக்கும் இடத்தில் விலங்கு நிற்கும். அது சாலையாக இருந்தால் சாலையில் நிற்கும். மனித உணவில் மாவும் சர்க்கரையும் உப்பும் அதிகம். காட்டு உணவு போல அது பலவகைச் சத்துத் தருவதில்லை. ஒரே இடத்தில் உணவு குவிந்தால் கூட்டத்துக்குள் சண்டை பெருகும். மனிதருக்கும் குரங்குக்கும் பொதுவான நோய்கள் கைமாறும். பயம் விட்ட குரங்கு பையைப் பிடுங்கும், கடிக்கும். கடைசியில் “தொல்லை” என்று பெயர் வாங்குவதும் பிடித்துக்கொண்டு போகப்படுவதும் அந்தக் குரங்குதான். பழம் போட்டவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

சோலைமந்திக்கு இந்த இழப்பு இன்னும் பெரிது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலை தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழவில்லை. காட்டில் எஞ்சியிருப்பவை சுமார் 4000 என்று மதிப்பிடப்படுகிறது. ஒரு பெண் முதல் குட்டி ஈனவே ஆறு வயதை ஒட்டி ஆகிவிடும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி. சாலையில் ஒரு தாய் இறந்தால் அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் தேவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு முதல் அட்டவணையில் இடம் தரப்பட்டிருப்பதன் பொருள் இதுதான்.

ஆசிரியர்கள் காத்த காடு

திரும்பும் வழியில் நான் பிள்ளைகளுக்குச் சொன்ன இரண்டு செய்திகளை நம் ஆசிரியர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நம் மாநிலத்தில், களக்காடு வனவுயிர் சரணாலயம் 1976இல் சோலைமந்தியைக் காப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. பின்னர் 1988இல் முண்டந்துறையோடு இணைந்து அது புலிகள் காப்பகம் ஆனது. நாம் புலிக்காட்டின் ஒரு பகுதி என்று அறிந்திருக்கும் இடம், ஒரு குரங்குக்காக ஒதுக்கப்பட்ட காடு.

இன்னொன்று கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. அங்கே குந்திப்புழா ஆற்றில் மின்திட்டத்துக்காக அணை கட்ட முயன்றபோது, 1970களின் இறுதியில் பெரும் மக்கள் இயக்கம் எழுந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அதில் முன்னின்றது. அந்த அமைப்பின் பலம் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள்தான். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் எழுதினார், பேசினார். கவிஞர் சுகதகுமாரி கவிதை எழுதினார். சோலைமந்தி அந்த இயக்கத்தின் முகமாக ஆனது. திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார்.

“அது கேரளா. நமக்கென்ன டீச்சர்?” என்று கேட்டார்கள். வரைபடத்தை விரித்தோம். நீலகிரியில் தோன்றும் பவானி, அமைதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய அட்டப்பாடி வழியாக வளைந்து மீண்டும் தமிழகத்துக்குள் வந்து காவிரியில் கலக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. விரலால் அந்த நீல வரியைத் தொடர்ந்துகொண்டே வந்த ஒரு மாணவன், “எங்க வயலுக்கு வந்துடுச்சு!” என்று கத்தினான். மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது மலைக்காடு. பழம் தின்று, விதையைக் கன்னப்பையில் கொண்டுபோய் வேறிடத்தில் துப்பி அந்தக் காட்டை வளர்ப்பவற்றுள் குரங்குகளும் உண்டு.

எந்தப் பள்ளியிலும் செய்யலாம்

எல்லாப் பள்ளியும் வால்பாறைக்குப் போக இயலாது. போக வேண்டிய தேவையும் இல்லை. திரும்பி வந்தபின் எங்கள் ஊர்க் குளத்தங்கரையிலேயே நாங்கள் செய்த செயல்பாடு இது. விலங்குகளின் நடத்தையை எப்படி முறையாகக் குறிப்பது என்பது பற்றி ஜீன் ஆல்ட்மன் என்ற அறிவியலாளர் 1974இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அதில் உள்ள ஒரு முறையைப் பள்ளிக்கு ஏற்ப எளிமையாக்கிக்கொண்டோம்.

1. குரங்கு, அணில், மைனா, காகம், ஆடு என எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குரங்கு என்றால் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கையில் தின்பண்டம் கூடாது. பல்லைக் காட்டிச் சிரிப்பதும் கண்ணை உற்று நோக்குவதும் அதற்கு மிரட்டலாகத் தெரியும்.

2. உண்ணுதல், நகர்தல், ஓய்வு, பேன் பார்த்தல் அல்லது கோதுதல், விளையாட்டு, சண்டை என ஆறு கட்டங்கள் உள்ள அட்டவணை வரையுங்கள்.

3. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கண்ணில் படும் ஒவ்வொரு விலங்கும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று ஒரு கோடு போடுங்கள். இடையில் நடப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தனியாக எழுதி வையுங்கள்.

4. மனிதர் உணவு கொடுத்தால் அதையும் நேரத்தோடு குறியுங்கள். யார் கொடுத்தார் என்று பெயர் எழுத வேண்டாம்.

5. வகுப்பில் விழுக்காடு காணுங்கள். எடுத்துக்காட்டாக, மொத்தம் 60 கோடுகளில் 27 உண்ணுதல் என்றால் 45 விழுக்காடு. பட்டை விளக்கப்படம் வரையுங்கள். உணவு கொடுத்த வேளையையும் கொடுக்காத வேளையையும் ஒப்பிடுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு அட்டவணை வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் ஓர் அணிலைப் பார்த்துவிட்டு, அது செய்த மூன்று செயல்களைச் சொல்லச் சொன்னால் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரும் வினைச்சொற்களைக் கேட்டால் தமிழ் வகுப்பும் முடிந்துவிடும். உயர் வகுப்புகளில் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றுக்கும் இந்த ஒரு செயல்பாட்டிலேயே இடம் உண்டு.

குளத்தங்கரைக்குத் திரும்பி

எங்கள் பிள்ளைகள் மூன்று சனிக்கிழமை குளத்தங்கரையில் உட்கார்ந்தார்கள். பொரியும் பொட்டுக்கடலையும் விழும்போதெல்லாம் குரங்குகள் அரசமரத்தைவிட்டுச் சாலையோரத்துக்கு இறங்கியதையும், சண்டைக் கட்டத்தில் கோடுகள் கூடியதையும் அவர்களே கண்டார்கள். அந்த விளக்கப்படத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தார்கள். சில பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். சிலர், “அனுமாருக்குப் போடறது புண்ணியம், அதுல என்ன தப்பு?” என்றார்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. பிள்ளைகளிடம் நான் சொல்லியிருப்பது ஒன்றுதான்: யாரையும் கண்டிக்க வேண்டாம், பார்த்ததைக் காட்டுங்கள். நானும் பல ஆண்டுகள் பழம் போட்டவள்தானே.

இப்போது என் பையில் வாழைப்பழம் இருந்தாலும் குரங்கைக் கண்டால் கை நீள்வதில்லை. நீளப் பார்க்கும்போது பிரேக் சத்தம் கேட்கிறது.

முதல் நாள் கேள்வி கேட்ட மாணவனிடம் மூன்றாவது சனிக்கிழமை, “என்னப்பா, அவ்ளோ தூரம் போனது வீணா?” என்று கேட்டேன். குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னான்: “இல்ல டீச்சர். இதுங்க பேன் பாக்கறது கூட ஆளு பாத்துத்தான் பாக்குதுங்க. தெனம் இந்த வழியாத்தான் வரேன். இப்பத்தான் பாக்கறேன்.”